மக்கும் பிளாஸ்டிக்குக்குப் பலம் தரும் மண்!

மக்கக்கூடிய பிளாஸ்டிக் ஒன்றை எடுத்தார்கள். அதில் மிக மிக நைசான களிமண்ணைக் கொஞ்சம் கலந்தார்கள். பிளாஸ்டிக் உறுதியானது. சூட்டையும் முன்னைவிட அதிகமாகத் தாங்கியது. குப்பைக் குழியில் போட்டதும், முன்னைவிடச் சீக்கிரமாக மக்கியது! இது மாயாஜாலக் கதை அல்ல. ஜப்பானில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்தது.

பசுவின் வயிற்றில் 52 கிலோ

2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு பசு வந்தது. அதற்கு ஆபரேஷன் நடந்தது. டாக்டர்கள் 5 மணி நேரத்துக்கு மேல் பாடுபட்டார்கள். பசுவின் வயிற்றிலிருந்து எடுத்த குப்பை எவ்வளவு தெரியுமா? 52 கிலோ! அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்.

பசு பிளாஸ்டிக்கைத் தேடிப் போய்த் தின்பதில்லை. நாம் மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் பையில் கட்டித் தெருவில் எறிகிறோம். பசுவுக்குப் பையை அவிழ்க்கத் தெரியாது. பையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. சோறு ஜீரணமாகிறது. பை அப்படியே தங்கிவிடுகிறது.

பசுவின் வயிற்றில் நடப்பதுதான் சாக்கடையிலும் நடக்கிறது. ஏரியிலும் கடலிலும் நடக்கிறது. மற்றக் குப்பை மக்குகிறது. பிளாஸ்டிக் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

இதற்கு வழி இல்லையா? மக்கிப் போகும் பிளாஸ்டிக்கைச் செய்யக் கூடாதா?

செய்திருக்கிறார்கள். ஆனால், அதற்குப் பலம் போதவில்லை. அந்தப் பலத்தைக் கொடுக்கத்தான் உலகமெங்கும் விஞ்ஞானிகள் பாடுபட்டு வருகிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

பாலிதீன் பிறந்த கதை

இன்று நாம் பை செய்யும் பாலிதீன், தற்செயலாகக் கிடைத்த பொருள். 1933-ம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனியில், கிப்சன், பாசெட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு பரிசோதனை செய்தார்கள். எத்திலீன் என்ற வாயுவை மிகுந்த அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பாத்திரத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பாலிதீன்.

கைப்பிடியோடு கூடிய பிளாஸ்டிக் பை பிறகு வந்தது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாப் தூலின் என்ற என்ஜினீயர் அதை உருவாக்கினார். 1965-ம் ஆண்டு அதற்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது.

எடை குறைவு. விலை குறைவு. தண்ணீரில் நனையாது. எளிதில் கிழியாது. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனால், எந்தக் குணத்துக்காக உலகம் அதை விரும்பியதோ, அந்தக் குணமே வினையாக முடிந்தது. மண்ணில் உள்ள கிருமிகளுக்குப் பாலிதீனைத் தின்னத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு முறை மட்டும் உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தடை வந்தது. 2022-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல், இத்தகைய பொருள்கள் பலவற்றுக்கு நாடு முழுவதும் தடை வந்தது.

தடை போட்டாலும் தேவை போய்விடவில்லை. மாவு, மசாலா, ரொட்டி, மருந்து இவற்றையெல்லாம் ஈரம் படாமல் எதிலாவது கட்டித்தானே ஆக வேண்டும்?

கஞ்சியிலும் ஒரு தாள்

மக்கும் பிளாஸ்டிக் என்றதும் அது ஏதோ புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டிலேயே அதன் சாயலைப் பார்க்கலாம்.

ஜவ்வரிசி வடாம் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? கூழாகக் காய்ச்சித் துணியில் ஊற்றுகிறோம். வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி போன்ற வில்லையாக உரிந்து வருகிறது. ஜவ்வரிசி என்பது மரவள்ளிக்கிழங்கு மாவு. அந்த மாவுச்சத்து சூட்டில் வெந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, காய்ந்ததும் தாளாகிறது.

இதே முறையில்தான் மாவுச்சத்திலிருந்து பிளாஸ்டிக் தாள் செய்கிறார்கள். வளைந்து கொடுப்பதற்காகக் கொஞ்சம் கிளிசரின் சேர்க்கிறார்கள்.

இன்னொரு வகையைக் கிருமிகளே செய்து தருகின்றன! 1926-ம் ஆண்டு பாரிஸ் நகரில் உள்ள பாஸ்டர் ஆராய்ச்சிக்கூடத்தில் மோரிஸ் லெமுவான் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். மனிதன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைப்பது போல, சில கிருமிகள் தங்கள் உடலில் பிளாஸ்டிக் போன்ற ஒரு பொருளைச் சேர்த்து வைக்கின்றன. அதற்குப் பெயர் பி.எச்.பி. கிருமி செய்த பொருள் ஆனதால், கிருமியே அதைத் தின்றும் விடுகிறது.

மூன்றாவது வகை, இன்று மிகவும் பிரபலமானது. அதன் பெயர் பி.எல்.ஏ. பால் தயிராகும்போது புளிப்பு வருகிறதே, அதற்குக் காரணம் லாக்டிக் அமிலம். மக்காச்சோள மாவைச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்க வைத்து அதே அமிலத்தை எடுக்கிறார்கள். அதன் அணுக்கூட்டங்களைச் சங்கிலி போலக் கோத்தால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் கிடைக்கிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு பெரிய தொழிற்சாலை 2002-ம் ஆண்டில் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் டன் செய்யும் சக்தி படைத்தது அது.

குணம் நல்லது, பலம் குறைவு

அப்படியானால் பாலிதீனை விட்டுவிட்டு இவற்றையே உபயோகிக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கடம்.

மாவுச்சத்துத் தாள் ஈரம் பட்டால் குழைந்துவிடும். காய்ந்தால் வடாம் போல உடைந்துவிடும். மழைக் காலத்தில் ஒரு குணம். வெயில் காலத்தில் ஒரு குணம்.

பி.எல்.ஏ. பார்வைக்குக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கும். ஆனால், வளைத்தால் படக்கென்று முறியும். சுமார் 60 டிகிரி உஷ்ணத்திலேயே இளகிவிடும். கொதிக்கும் டீயை ஊற்றினால் தம்ளர் கோணிக்கொள்ளும். பி.எச்.பி.யும் எளிதில் முறியக்கூடியதே.

இன்னொரு குறையும் உண்டு. இந்தத் தாள்கள் வழியாக ஈர ஆவி எளிதில் ஊடுருவும். காற்றில் உள்ள பிராணவாயுவும் நுழையும். ஈரம் நுழைந்தால் பிஸ்கட் நமுத்துப் போகும். பிராணவாயு நுழைந்தால் எண்ணெய்ப் பலகாரம் சிக்கு வாடை அடிக்கும். பொட்டலம் மக்குவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் பண்டம் கெட்டுவிட்டால் யாருக்கு லாபம்?

ஆகவே, விஞ்ஞானிகளுக்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. அது பிளாஸ்டிக்குக்குப் பலம் தர வேண்டும். காற்றையும் ஈரத்தையும் தடுக்க வேண்டும். ஆனால், மக்கும் குணத்தைக் கெடுக்கக் கூடாது. விலையும் மலிவாக இருக்க வேண்டும்.

தாத்தா காலத்து வித்தை

கிராமத்தில் மண் சுவர் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் மண்ணைக் குழைத்து வைத்தால் காய்ந்ததும் வெடித்துவிடும். அதனால் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பார்கள். வைக்கோல் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் பல ஆண்டுகள் நிற்கிறது.

மோட்டார் டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது? ரப்பரின் நிறம் கறுப்பு அல்ல. அதில் கரிப்புகைத் தூளைக் கலக்கிறார்கள். அந்தத் தூள்தான் டயர் சீக்கிரம் தேயாமல் காக்கிறது.

ஒன்றுக்குப் பலம் போதாவிட்டால் இன்னொன்றைக் கலக்க வேண்டும். இது பழைய வித்தை. சாதாரணப் பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புத் தூளைக் கலப்பதும் நெடுநாளாக உள்ள வழக்கம்தான். ஆனால், அந்தத் தூளை நிறையப் போட வேண்டும். போட்டால் எடை கூடும். கண்ணாடி போன்ற தாள் மங்கிவிடும்.

கொஞ்சம் போட்டு நிறையப் பலன் பெற வழி உண்டா? உண்டு. தூளை இன்னும் நைசாக்க வேண்டும். எவ்வளவு நைசாக? நானோ அளவுக்கு!

நானோ என்றால் என்ன?

ஒரு மீட்டர் நீளத்தை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஒரு நானோ மீட்டர். கிரேக்க மொழியில் 'நானோஸ்' என்றால் குள்ளன் என்று பொருள்.

நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80 ஆயிரம் நானோ மீட்டர். கடையில் தரும் பை 50 மைக்ரான் தடிமன் என்றால், அது 50 ஆயிரம் நானோ மீட்டர்.

இப்போது ஓர் அதிசயம் சொல்கிறோம். ஒரே ஒரு நானோ மீட்டர் தடிமனுள்ள ஏடுகளை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. அந்த ஏடுகளை 50 ஆயிரம் எண்ணிக்கையில் அடுக்கினால்தான் அந்தப் பையின் தடிமன் வரும்! அந்த ஏடுகள் எங்கே இருக்கின்றன? மண்ணில்!

கரிசல் மண்ணின் ரகசியம்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் அதே மண் உப்பிக் குழைந்து, நடப்பவரின் காலைப் பிடித்து இழுக்கும். செம்மண் இப்படிச் செய்வதில்லை. கரிசல் மட்டும் ஏன் செய்கிறது?

கரிசலில் ஒரு விசேஷக் களிமண் கலந்திருக்கிறது. அதன் துகள் ஒவ்வொன்றும் வெற்றிலைக் கவுளி மாதிரி. பல மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மழை பெய்தால் ஏடுகளின் இடையே தண்ணீர் புகுகிறது. அடுக்கு உப்புகிறது. வெயில் அடித்தால் தண்ணீர் வெளியேறுகிறது. அடுக்கு சுருங்குகிறது. நிலம் வெடிக்கிறது.

இந்த வகைக் களிமண்ணில் முக்கியமானது 'மாண்ட்மொரில்லோனைட்'. பிரான்ஸ் நாட்டில் மாண்ட்மொரில்லோன் என்ற ஊரில் கிடைத்ததால் அந்தப் பெயர். குஜராத்தில் கட்ச் பகுதியில் வெட்டி எடுக்கும் 'பெண்டோனைட்' மண்ணில் பெரும்பகுதி இதுதான்.

ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க முடிந்தால் என்ன ஆகும்? ஒரு கிராம் மண்ணின் ஏடுகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால், இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 750 சதுர மீட்டர் பரப்பு வரும். அதாவது மூன்று கிரவுண்டு மனைக்கு மேல்!

ஒரு கிலோ பிளாஸ்டிக்கில் 30 கிராம் மண்ணைப் போட்டு, எல்லா ஏடுகளையும் பிரித்துவிட்டால், உள்ளே ஐந்தரை ஏக்கர் பரப்பு உண்டாகிறது. அவ்வளவு பரப்பிலும் பிளாஸ்டிக் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் மண்ணே போதும் என்பதன் காரணம் இதுதான்.

மோட்டார் கம்பெனி கண்ட வெற்றி

இதைச் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர். டொயோட்டா மோட்டார் கம்பெனிக்கு நகோயா நகருக்கு அருகில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1980-களில் அங்கே நைலான் பிளாஸ்டிக்கில் இந்தக் களிமண்ணைக் கலந்து பார்த்தார்கள்.

நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவாகத்தான் மண் கலந்தார்கள். அதற்கே நைலானின் உறுதி ஒன்றரை மடங்கு ஆயிற்று. விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயிற்று. சுமார் 65 டிகிரி சூட்டிலேயே பாரத்துக்கு வளைந்துகொண்டிருந்த நைலான், 140 டிகிரிக்கு மேலும் வளையாமல் நின்றது!

கார் என்ஜினில் உள்ள ஒரு பெல்ட்டுக்கு மூடி செய்ய அந்தப் பொருளை உபயோகித்தார்கள். மண் கலந்த பிளாஸ்டிக் காரில் ஏறி ஓடியது!

நைலான் மக்காத பிளாஸ்டிக். ஆனால், இந்த வெற்றியைப் பார்த்ததும் மற்ற விஞ்ஞானிகளுக்கு ஒரு யோசனை தோன்றியது. நோஞ்சானாக இருக்கும் மக்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்த மருந்தைக் கொடுத்தால் என்ன?

மாவு கட்டி தட்டக் கூடாது

கலப்பது என்றால் கொட்டிக் கிளறுவது அல்ல. பஜ்ஜி மாவு கரைக்கும்போது அவசரமாகத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகிறது? மாவு கட்டி கட்டியாக நிற்கிறது. கட்டியின் உள்ளே காய்ந்த மாவு அப்படியே இருக்கிறது.

களிமண்ணும் அதே குணம் உடையது. அதற்குத் தண்ணீர் என்றால் பிரியம். பிளாஸ்டிக் என்றால் ஆகாது. சும்மா கலந்தால் கட்டி தட்டும். கட்டி இருக்கும் இடத்தில்தான் தாள் முதலில் கிழியும்.

ஆகவே மண்ணுக்கு ஒரு 'சோப்பு' போடுகிறார்கள். ஏடுகளின் இடையே சோடிய உப்பு இருக்கிறது. அதை அகற்றி, நீண்ட வால் உள்ள, சோப்பு போன்ற ஒரு ரசாயனத்தைப் புகுத்துகிறார்கள். அதன் ஒரு முனை மண்ணைப் பிடிக்கும். மறுமுனை பிளாஸ்டிக்கோடு உறவாடும். எண்ணெய்ப் பாத்திரத்தைத் துலக்கும்போது சோப்பு செய்யும் வேலையும் இதுதான்.

ஏடுகளின் இடைவெளி இப்போது விரிகிறது. பிறகு உருக்கிய பிளாஸ்டிக்கோடு சேர்த்து, திருகாணி சுழலும் யந்திரத்தில் விட்டுப் பிசைகிறார்கள். பிளாஸ்டிக் சங்கிலிகள் ஏடுகளின் நடுவே நுழைகின்றன. அடுக்கு கலைகிறது. ஏடுகள் தனித்தனியாகப் பிரிகின்றன.

அளவு முக்கியம். நூற்றுக்கு 3 பங்கு, 5 பங்கு என்பது சாதாரண அளவு. அதற்கு மேல் கொட்டினால் ஏடுகள் மறுபடி ஒன்றுசேர்ந்து கட்டி தட்டும். உப்பு ருசி தரும் என்பதற்காகக் கைநிறையப் போடுவார்களா?

காற்றுக்கு வழி மறிப்பு

பலம் கூடியது ஒரு லாபம். இன்னொரு லாபமும் உண்டு.

பழனி மலையில் தைப்பூசக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சந்நிதி எதிரே தெரியும். ஆனால், நேரே போக முடியாது. தடுப்புக் கட்டி, வளைத்து வளைத்து வரிசையில் விடுவார்கள். பத்து அடி தூரத்துக்கு நூறு அடி நடக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தாளின் உள்ளே மண் ஏடுகளும் இப்படித்தான் தடுப்பாக நிற்கின்றன. ஏட்டின் தடிமன் ஒரு நானோ மீட்டர். அகலமோ அதைப் போல நூறு மடங்குக்கு மேல். பிராணவாயுவும் ஈர ஆவியும் ஏட்டைத் துளைத்துப் போக முடியாது. சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் நேரம் ஆகிறது. உள்ளே இருக்கும் பண்டம் அதிக நாள் கெடாமல் இருக்கிறது.

பலமும் கூடியது, மக்குவதும் கூடியது!

2002-ம் ஆண்டு. நகோயாவில் உள்ள டொயோட்டா தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் இந்தியாவிலிருந்து சென்ற சுப்ரகாஷ் சின்ஹா ரே என்ற விஞ்ஞானியும், மசாமி ஒகமோட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் மற்றவர்களும் சேர்ந்து, பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் இந்தக் களிமண்ணைக் கலந்தார்கள்.

விறைப்பு கூடியது. சூட்டைத் தாங்கும் சக்தி கூடியது. வாயு புகுவது குறைந்தது. இவை எதிர்பார்த்தவை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அதை மக்கும் குப்பையில் புதைத்தார்கள். பலமான பொருள் மெதுவாகத்தானே மக்க வேண்டும்? அதுவோ, மண் கலக்காத பி.எல்.ஏ.யைவிடச் சீக்கிரம் மக்கியது!

காரணம் என்ன? களிமண் ஏட்டின் விளிம்பு தண்ணீரை ஈர்க்கும் குணம் உடையது. குப்பைக் குழியின் ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. பி.எல்.ஏ. சங்கிலியை முதலில் தண்ணீர்தான் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். அதன் பிறகே கிருமிகள் தின்னும். தண்ணீர் வேகமாக வேலை செய்தால் கிருமிகளுக்கு விருந்து வேகமாகக் கிடைக்கிறது. இது விஞ்ஞானிகள் தரும் விளக்கம்.

எல்லாக் களிமண்ணும், எல்லாப் பிளாஸ்டிக்கும் இப்படி நடந்துகொள்வதில்லை. சில கலவைகள் மெதுவாகவும் மக்குகின்றன. எந்த மண், எந்தச் 'சோப்பு', எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்தது அது. ஆனாலும், பலமும் மக்கும் குணமும் ஒரே பொருளில் சேர முடியும் என்பது தெளிவாகிவிட்டது.

பருத்தியிலும் பலம்

மண்ணைப் போலவே இன்னொரு பொருளும் கைகொடுக்கிறது. செடிகளின் நார்!

மரம், பருத்தி, வாழை, வைக்கோல் எல்லாவற்றிலும் 'செல்லுலோஸ்' என்ற நார்ப்பொருள் இருக்கிறது. பருத்தியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் அதுதான். பருத்தியைக் கந்தக அமிலத்தில் குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட நேரம் வைத்தால், தளர்வான பகுதிகளை அமிலம் கரைத்துவிடும். கெட்டியான பகுதி மட்டும் சின்னஞ்சிறு குச்சிகளாக மிஞ்சும். குச்சியின் அகலம் சில நானோ மீட்டர் முதல் 20 நானோ மீட்டர் வரை.

இந்தக் குச்சியின் விறைப்பு, எடைக்கு எடை பார்த்தால், எஃகைவிட அதிகம்!

1995-ம் ஆண்டு பிரான்சில் கிரெனோபிள் நகர விஞ்ஞானிகள், ஒரு கடல் பிராணியின் தோலிலிருந்து இத்தகைய குச்சிகளை எடுத்து, ரப்பர் போன்ற ஒரு பொருளில் கொஞ்சமாகக் கலந்தார்கள். சூட்டில் தொளதொளத்துப் போகும் அந்தப் பொருள் விறைப்பாக நின்றது. அதன் பின் உலகமெங்கும் இந்த ஆராய்ச்சி பரவியது.

மாவுச்சத்துத் தாளுக்கு இந்த நார் மிகவும் பொருத்தம். மாவுச்சத்தும் செல்லுலோசும் பங்காளிகள். இரண்டும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையிலிருந்து உண்டானவை. அதனால் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. தாள் உறுதியாகிறது. ஈரத்துக்குக் குழைவதும் குறைகிறது. நாரும் மக்கும், மாவும் மக்கும்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. மும்பையில் மாதுங்காவில் உள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், பருத்தியிலிருந்து நானோ நார் எடுக்கிறார்கள்.

கடைக்கு வரத் தாமதம் ஏன்?

இவ்வளவு நல்ல பொருள் ஏன் இன்னும் தெருக்கடை வரை வரவில்லை?

முதல் காரணம், ஏடுகளைச் சீராகப் பிரிப்பது கடினம். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கரண்டி செய்வது வேறு. தொழிற்சாலையில் டன் கணக்கில் செய்வது வேறு.

இரண்டாவது, யந்திரத்தின் சூட்டில் பி.எல்.ஏ. சங்கிலியே அறுந்துபோகும் அபாயம் இருக்கிறது. மண்ணுக்குப் போட்ட 'சோப்பும்' சூட்டில் சிதையும்.

மூன்றாவது, விலை. பாலிதீன் மிக மலிவு. அதோடு போட்டி போடுவது லேசான காரியம் அல்ல.

நான்காவதுதான் மிக முக்கியம். இந்த நுண்ணிய துகள் உணவில் கலக்குமா? கலந்தால் உடம்புக்குக் கெடுதலா? சில ஆராய்ச்சிகளில் மண்ணுக்குப் பதிலாக வெள்ளி, துத்தநாக ஆக்சைடு இவற்றின் நானோ தூளைச் சேர்க்கிறார்கள். அவை உணவைக் கெடுக்கும் கிருமிகளைக் கொல்லும். நல்லதுதான். ஆனால், மண்ணை வளப்படுத்தும் கிருமிகளையும் அவை கொன்றுவிட்டால்?

ஐரோப்பிய நாடுகளில் இதற்குக் கண்டிப்பான சட்டம் இருக்கிறது. உணவைத் தொடும் பிளாஸ்டிக்கில் நானோ பொருள் சேர்ப்பதானால், அந்தப் பொருளுக்கு நானோ வடிவிலேயே தனி அனுமதி பெற வேண்டும். சாதாரணத் தூளுக்குக் கிடைத்த அனுமதி போதாது.

'மக்கும்' என்ற சொல்லை நம்பலாமா?

இங்கே தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பையில் 'மக்கும்' என்று அச்சடித்திருந்தால், தெருவில் எறிந்தால்கூட மக்கிவிடும் என்று எண்ணுகிறோம். அது தப்பு.

பி.எல்.ஏ. மக்குவதற்கு ஈரம் வேண்டும். கிருமி வேண்டும். சுமார் 58 டிகிரி சூடும் வேண்டும். பெரிய அளவில் குப்பையைக் குவித்து உரமாக்கும் இடங்களில்தான் அந்தச் சூடு உண்டாகும். கடல் தண்ணீரில் அந்தச் சூடு ஏது?

இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தினர் பல வகைப் பைகளைச் சோதித்து, 2019-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சில பைகளை மண்ணில் புதைத்தார்கள். சிலவற்றைக் கடலில் போட்டார்கள். மூன்று ஆண்டுகள் சென்றன. 'மக்கும்' என்று விளம்பரம் செய்த ஒரு பையை எடுத்துப் பார்த்தால், அதில் இன்னும் சாமான் வாங்கி வரலாம் போல் இருந்தது!

உரக்குழியில் மக்கும் வகைப் பை ஒன்று, கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போயிற்று. ஆனால், அதே பை மண்ணுக்குள் 27 மாதம் கழித்தும் கிடந்தது. பாரம் வைத்தபோதுதான் கிழிந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பொருள் மட்டும் போதாது. அது போய்ச் சேரும் இடமும் சரியாக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டில் மக்கும் பிளாஸ்டிக் பை செய்பவர்கள், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் பெற வேண்டும். 'ஐ.எஸ். 17088' என்ற தர எண்ணுக்கு ஏற்ப இருக்க வேண்டும். பை வாங்கும்போது அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பச்சை நிறத்தையும் இலைப் படத்தையும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அத்தகைய பையைச் சாதாரணப் பிளாஸ்டிக் குப்பையோடு போடாதீர்கள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி பொருள் செய்பவர்களுக்கு அது இடைஞ்சல். காய்கறிக் கழிவோடு சேர்த்து, உரம் ஆக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று நகராட்சியிலோ, பஞ்சாயத்திலோ கேளுங்கள். இல்லாவிட்டால், வேண்டும் என்று கேளுங்கள்.

எந்தப் பையானாலும், மிச்சச் சோற்றைக் கட்டித் தெருவில் எறியாதீர்கள். மக்கும் பையானாலும் பசுவின் வயிறு உரக்குழி அல்ல.

மண் ஏடும் பருத்தி நாரும் கலந்த உறுதியான தாள் ஒரு நாள் நம் மளிகைக் கடைக்கு வரும் என்று விஞ்ஞானிகள் நம்புகிறார்கள். அதற்கான வேலை பல நாடுகளில் நடக்கிறது. அது வரும்வரை காய்கறி வாங்கப் போகும்போது, ஆணியில் தொங்கும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போனால் போதும். அதுவும் பருத்தி நார்தான்!